ஓரத்தில் எழுதிய தேதி

என்னிடம் ஒரு வேதாகமம் இருக்கிறது. கறுப்பு அட்டை, சிவப்பு விளிம்பு. பழைய ஏற்பாடு முழுசாக இருக்கிறது. நிருபங்களும் கடைசிப் புத்தகமும் இருக்கின்றன. நடுவே நான்கு சுவிசேஷங்கள் இருக்க வேண்டிய தாள்களில் மட்டும் நீள்சதுர ஓட்டைகள். ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தால் அதன் ஓட்டை வழியே அடுத்த தாளின் ஓட்டை தெரியும். சில தாள்களில் பக்க எண்ணும் சுற்றிலும் ஒரு மெல்லிய கரையும் மட்டும் மிஞ்சி, படம் கழற்றிய சட்டம் போல நிற்கின்றன. எந்தக் கோடும் வளையவில்லை, எங்கும் பிசிறு இல்லை. இரும்பு ஸ்கேலை வைத்து, புதுப் பிளேடால், அவசரமே இல்லாத ஒருவர் செய்த வேலை. செய்தவர் என் பெரியப்பா.

அப்பாவின் அண்ணன். தரங்கம்பாடிப் பக்கம் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் அவருடைய வீட்டின் பின்கட்டில் இருந்தோம். நான் நர்சிங் படிக்க விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். மஸ்கட்டுக்கு விமானம் ஏற மெட்ராஸ்வரை துணைக்கு வந்தவரும் அவர்தான். இதை மறைத்தால் இந்தக் குறிப்பு பொய்யாகிவிடும். எங்கள் குடும்பத்தில் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைப்பது இருபது வருஷமாக என் வேலை. அந்த நோட்டில் யாருக்காகவும் நான் எதையும் திருத்தியதில்லை. இங்கே வருஷங்களைப் போடாமல் விடுவதற்குக் காரணம், சம்பந்தப்பட்டவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள் என்பதுதான்.

மாயவரத்தில் தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் சபையில் பாதி வீடுகளில் ஒருவராவது வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்தோம். பெரியப்பாவின் ஒரே மகன் கம்ப்யூட்டர் படித்துவிட்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தான். பெரியம்மா முன்பே இறந்துவிட்டாள். பள்ளிக்கூடமும் இல்லை, மகனும் இல்லை என்று ஆனதும் அவர் மாடியில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு புத்தகங்களுக்குள் இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் மூன்று நான்கு பேர் மாடிக்கு வருவார்கள். அதில் ஒரு வக்கீல், சைவர், நல்ல வாயாடி. இந்தக் காலத்துப் பிள்ளைகள் வேதத்தைத் தூக்கி எறிவதற்கு அதிலுள்ள அற்புதக் கதைகள்தான் காரணம், தண்ணீர்மேல் நடந்ததையும் செத்தவன் எழுந்ததையும் நீக்கிவிட்டு இயேசுவின் போதனைகளை மட்டும் தனியே எடுத்தால் எந்த மதத்துக்காரனும், மதமே வேண்டாம் என்பவனும்கூடப் படிப்பான் என்பது பெரியப்பாவின் கட்சி. அதைப் பேச்சோடு விடாமல் செய்தும் காட்டினார். போதனைகளை வெட்டியெடுத்து, நீள நோட்டு ஒன்றில் வரிசையாக ஒட்டத் தொடங்கினார். மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலந்து அம்மாதான் பசை செய்து கொடுத்தாள். எதற்கென்று அவளுக்குச் சொல்லப்படவில்லை. ஏதோ பழைய புத்தகத்துக்குப் பைண்டிங் என்று நினைத்திருந்தாள்.

அந்த நோட்டை வக்கீல் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னதை, காபி கொண்டுபோன அம்மா கேட்டுவிட்டு வந்து எனக்குக் கடிதத்தில் எழுதியிருந்தாள். "சார், தண்ணிய திராட்சரசமாக்கினத வெட்டினீங்க, சரி. கல்யாணத்தையே காணோமே. பொண்ணு மாப்பிள்ளை என்ன பாவம் பண்ணுனாங்க?" எல்லோரும் சிரித்தார்களாம். பெரியப்பா சிரிக்கவில்லையாம். அவர் பாடம் நடத்தும்போது குறுக்கே யாரும் சிரிப்பது அவருக்குப் பிடிக்காது. அவர் எழுதும் ஏதோ கட்டுரையைப் பற்றிய கேலி என்றுதான் அம்மா நினைத்தாள், நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அந்த வேலையில் ஒரு சிக்கல் உண்டு. வெட்டி ஒட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். தாளுக்கு இரண்டு பக்கம். முன்பக்கத்தில் மலைப்பிரசங்கத்தின் ஒரு பகுதியை வெட்டியெடுத்தால், பின்பக்கத்தில் இருக்கும் இன்னொரு போதனையும் கூடவே வந்துவிடும். ஒட்டும்போது அது பசைக்குள் போய் மறைந்துவிடும். ஆகவே அதே அச்சில், அதே பக்க எண்ணோடு இன்னொரு பிரதி வேண்டும். கடையில் கிடைத்த புதுப் பதிப்பில் எழுத்தின் அளவே வேறு. ஒரே நோட்டில் இரண்டு விதமான எழுத்து வருவதை அவரால் பொறுக்க முடியாது. ஆனால் அதே அச்சு அந்த வீட்டிலேயே இருந்தது. பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே நாளில் ஒரே பீடத்தின் முன்னால்தான் கல்யாணம் நடந்தது. மணமக்களுக்குச் சபை ஒரு வேதாகமம் கொடுப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு ஒரே கட்டிலிருந்து இரண்டு பிரதிகளை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். ஒன்று மாடி மேசையில் இருந்தது. மற்றது பின்கட்டில், அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில்.

அம்மாவின் பிரதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் வசனங்களுக்குக் கீழே கோடு போடுகிறவள் அல்ல. ஓரத்து வெள்ளை இடத்தில் பென்சிலால் தேதி மட்டும் எழுதுவாள். அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. காய்ச்சலில் கிடந்த மாமியார்க்காரி சுகமாகி எழுந்த கதைக்குப் பக்கத்தில், எனக்கு டைபாய்டு வந்த வாரத்தின் தேதி. படகில் புயல் அடங்கிய கதைக்குப் பக்கத்தில், எங்கள் கூரை பறந்த நாள். ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேர் சாப்பிட்ட கதைக்குப் பக்கத்தில், பானையில் நெல் இல்லாமல் போன ஓர் ஆடி மாதத்தின் மூன்று தேதிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. சிறு வயதில் இவற்றையெல்லாம் பார்த்திருக்கிறேன். தேதி எழுதி வைக்கும் புத்தி எனக்கு அங்கிருந்து வந்ததுதான். ஒரே ஒரு பக்கத்தை மட்டும் அவள் எனக்குக் காட்டியதில்லை. அந்த இடம் வந்தால் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிடுவாள். ஜெப ஆலயத் தலைவன் ஒருவனுடைய மகள் செத்துக் கிடக்க, கையைப் பிடித்து எழுப்பப்பட்ட கதை அது. அதன் ஓரத்தில்தான் என் அக்கா இறந்த தேதி இருந்தது.

அக்காவை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முந்தைய வருஷம், ஐந்து வயதில், காய்ச்சலில் இறந்தாள். போட்டோ கிடையாது. அதே காய்ச்சலில் அம்மாவும் நினைவில்லாமல் கிடந்தாள். எழுந்து உட்கார்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அப்பாவிடம் தேதியைக் கேட்டு, அப்போதே அந்த ஓரத்தில் எழுதினாள். பிறகு ஒரு நாளும் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை.

பட்டுக்கோட்டையில் மாமா மகளுக்குக் கல்யாணம் என்று அம்மா போய் எட்டு நாள் இருந்தாள். அந்த எட்டு நாளில் பெரியப்பா வேலையை முடித்துவிட்டார். இரண்டு பிரதியிலிருந்தும் போதனைகள் நோட்டுக்குப் போயின. வெட்டும்போது குறுக்கே வந்த அற்புதங்களை அவர் தாளிலேயே விட்டுவைத்திருக்கலாம். விடவில்லை. வேண்டாதது எது என்று தீர்மானித்துவிட்டால் அதை அப்புறப்படுத்தாமல் அவருக்குத் தூக்கம் வராது. பரீட்சைத் தாளில் தப்பான விடையை அடித்துக் கிழிக்கிற அதே கை. அற்புதங்களை ஓரத்துப் பென்சில் எழுத்தோடு சேர்த்தே வெட்டி, அந்தத் துண்டுகளைத் தினசரித் தாளில் பொட்டலமாக மடித்து, நூல் கட்டி வைத்தார். அம்மா ஊரிலிருந்து திரும்பிய மறுநாள் காலை, வெந்நீர் அடுப்புக்கு இதைப் போட்டுக்கொள் என்று அவளிடம் கொடுத்தார். அவள் பிரிக்காமலே போட்டாள். அவள் வேதாகமம் எங்கே என்று கேட்டதற்கு, தையல் விட்டுப்போயிருந்தது, கும்பகோணத்தில் பைண்டிங்குக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார். அதுவரைக்கும் வைத்துக்கொள் என்று பெரிய எழுத்துப் புதுப் பதிப்பு ஒன்றைக் கொடுத்தார். பொய் சொல்லாதே என்கிற போதனை அவருடைய நோட்டில் எத்தனையாவது பக்கம் என்று பின்னால் நான் பார்த்தேன். ஒன்பதாவது பக்கம்.

ஏழு மாதம் அம்மா கும்பகோணத்திலிருந்து அது வரும் என்று காத்திருந்தாள். அந்த வருஷம் தவக்காலத்தில் நான் விடுமுறைக்கு வந்தேன். அக்காவின் குழிக்கு ஒரு கல் வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். அதுவரை அங்கே நாலு செங்கல்தான் அடையாளம். உயிர்த்தெழுந்த ஞாயிறன்று விடியற்காலையில் எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தியோடு நிற்கும்போது, அம்மா அந்தச் செங்கலைத் தேடித் தடவிக்கொண்டு நிற்பாள். கல்தச்சரிடம் போனோம். பெயரைக் கேட்டார், சொன்னோம். பிறந்த நாள் குருத்தோலை ஞாயிறு என்று அம்மாவுக்கு நினைவிருந்ததால் அதை நான் கணக்கிட்டு வைத்திருந்தேன். இறந்த தேதி கேட்டார். "எழுதி வச்சிருக்கேன், கொண்டு வரேன்" என்றாள் அம்மா.

நான் மாடிக்குப் போய்க் கேட்டேன். எந்தப் பைண்டர் என்று சொன்னால் நானே போய் வாங்கிவருகிறேன் என்றேன். பெரியப்பா பீரோவைத் திறந்து, முதல் பத்தியில் நான் சொன்ன அந்தப் புத்தகத்தை மேசைமேல் வைத்தார். கூடவே அந்த நோட்டையும் வைத்தார். முதலில் நோட்டைத்தான் என் பக்கம் நகர்த்தினார். நான் பாராட்டுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

"ஓரத்துல அம்மா எழுதியிருந்ததப் பாத்தீங்களா பெரியப்பா?"

"பாத்தேன். பென்சில்ல ஏதோ தேதிங்க."

"அந்தப் பொண்ணு எழுந்திரிச்ச கதைக்குப் பக்கத்துல இருந்த தேதி என்ன?"

"அத நான் எதுக்கும்மா ஞாபகம் வச்சுக்கணும்? போதனையில அது வரலயே."

அக்காவின் தேதி அது என்று சொன்னேன். அவருக்கு முகம் மாறியது, அதை மறுக்கமாட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் கணத்தில் அவர் வாயிலிருந்து வேறு ஒரு வார்த்தை வந்திருந்தால் இந்தக் குறிப்பையே நான் எழுதியிருக்கமாட்டேன். ஆனால் வந்தது இதுதான்: "ஐப்பசின்னு தெரியும்ல? தோராயமா ஒண்ணு போட்டுக்கயேன். யாரு சரிபாக்கப் போறா?"

கீழே வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "எழுதியிருக்குங்கற தைரியத்துலதான்டி மறந்தேன்" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பொட்டலத்தைப் பற்றி அன்றைக்கு அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மிச்சமிருந்த விடுமுறையை அந்தத் தேதியைத் தேடுவதில் கழித்தேன். கோயிலின் அடக்கப் பதிவேட்டில் அந்த வருஷங்களைக் கரையான் தின்றிருந்தது. விரல் வைத்தால் உதிர்ந்தது. தாலுகா ஆபீஸ் பதிவில் அக்காவின் இறப்பே இல்லை. மழையில் வாய்க்கால் உடைந்து பாதை போயிருந்ததால் யாரும் போய் எழுதி வைக்கவில்லை. அம்மாவுக்கு நினைவிருந்தவை மூன்று விஷயங்கள். ஐப்பசி மாதம். சம்பா நடவு முடிந்து களையெடுப்பு தொடங்காத நேரம். வியாழக்கிழமை. கிழமை மட்டும் எப்படி நிச்சயம் என்று கேட்டேன். அவளுக்கு நினைவு வந்தது அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை; எதிர்வீட்டு அம்மாள் அன்றைக்கு அம்மன் கோயிலுக்குக்கூடப் போகாமல் கஞ்சி கொண்டுவந்து ஊட்டினாளாம். அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு நான் கணக்குப் போட்டதில் இரண்டு வியாழக்கிழமைகள் மிஞ்சின. இரண்டில் ஒன்றைப் போடலாம் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கல் வேலை நின்றது. நான் மஸ்கட்டுக்குத் திரும்பினேன்.

நான் அற்புதங்களை நம்புகிறவள் அல்ல. முப்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தவளுக்கு அது எளிதும் அல்ல. அடங்கிய மூச்சு வார்த்தைக்கு எழுந்து வந்ததை நான் ஒரு தடவையும் பார்த்ததில்லை. பெரியப்பா சொன்னதில் பாதியை நானும் ஒத்துக்கொள்வேன். அதனால்தான் அந்த நோட்டை உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். சமாரியன் இருந்தான். திரும்பி வந்த இளைய மகன் இருந்தான். காசு போட்ட விதவை இருந்தாள். நல்லது. ஆனால் பன்னிரண்டு வருஷம் உதிரம் போய்க்கொண்டிருந்த பெண் இல்லை. பாதையோரத்துக் குருடன் இல்லை. கூரையைப் பிரித்துக் கீழே இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் இல்லை. மகளுக்காக நாய்க்குட்டி என்ற சொல்லையும் பொறுத்துக்கொண்டு வாதாடிய வேற்றூர்ப் பெண் இல்லை. யாரும் தொடாத குஷ்டரோகிகள் இல்லை, அவர்களைத் தொட்ட கையும் இல்லை. அற்புதத்தை எடுத்ததும் அதோடு நோயாளிகள் எல்லோரும் வெளியேறிவிட்டார்கள். வார்டு காலி. மிஞ்சியவர் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்த ஓர் ஆசிரியர். அந்த ஆசிரியர் யார் மாதிரி இருந்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா தேதி எழுதிய இடங்களை மனதில் வரிசைப்படுத்திப் பார்த்தபோது இன்னொன்றும் புரிந்தது. எங்கள் பானையில் அப்பம் பெருகவில்லை. கூரை பறந்ததுதான் மிச்சம். அக்கா எழவில்லை. அப்படியிருந்தும் எழுந்த பெண்ணின் கதைக்குப் பக்கத்தில்தான் அவள் அந்தத் தேதியை எழுதினாள். மூடநம்பிக்கைக்காரி செய்கிற காரியமா அது? அது ஒரு மனு. நீ அங்கே செய்தாய், இங்கே செய்யவில்லை என்று தேதி போட்டுக் கொடுத்த தாவா. அதற்குப் பதில் வராது என்பது எனக்குத் தெரியும், ஒருவேளை அவளுக்கும் தெரிந்திருக்கலாம். பதில் வராத மனுவைக் கிழித்துப் போடும் உரிமை பெரியப்பாவுக்கு எங்கிருந்து வந்தது?

இதைவிட என்னால் பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. அந்த நோட்டைப் பற்றிச் சபையில் ஒருவருக்கும் தெரியாது. அடுத்த வருஷமும் உயிர்த்தெழுந்த ஞாயிறு ஆராதனையில் பாடம் வாசித்தவர் பெரியப்பாதான். மடிப்புக் கலையாத வேட்டி, கணீர்க் குரல். காலிக் கல்லறையை, புரட்டப்பட்டிருந்த கல்லை, வெள்ளை உடுத்தியவர்களை ஒரு சொல் விடாமல் வாசித்தாராம். மாடியில் வெட்டியதைப் பீடத்தில் வாசித்தார். வெட்டியது தப்பு என்று தோன்றியிருந்தால் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சரி என்று தோன்றியிருந்தால் சபையிடம் சொல்லியிருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. நோட்டு கடைசிவரை அச்சுக்கும் போகவில்லை.

நான் ஒரேயடியாக ஊர் திரும்பிய மறுவருஷம் அவர் வாதத்தில் விழுந்தார். பதினோரு நாள் நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டோம். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டேன். அது என் தொழில், அதில் நான் குறை வைக்கவில்லை. பேச்சு போயிருந்தது. அம்மா பக்கத்தில் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு சனிக்கிழமை விடியற்காலை ஐந்து பத்துக்கு இறந்தார். நாடியைப் பிடித்திருந்தவள் நான். மகன் விசா சிக்கலில் வர முடியவில்லை. ஒரு வருஷம் கழித்து, அப்பாவுக்குக் கறுப்புக் கிரானைட்டில் கல் வைக்கப்போவதாக அமெரிக்காவிலிருந்து போன் செய்தான்.

"அக்கா, எனக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் போன் வந்துச்சு. அந்தத் தேதிதான் மனசுல இருக்கு. அங்க மறுநாள் ஆயிடுச்சான்னு தெரியல. சபையில ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்கதான பக்கத்துல இருந்தீங்க?"

தோராயமாக ஒன்று போட்டுக்கொள் என்ற வாக்கியம் என் நாக்கில் தயாராக இருந்தது. அதைச் சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவன் நல்ல பையன், அவன் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை என்பதெல்லாம் அந்த நேரத்தில் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. லைன் துண்டித்துவிட்டது என்று நினைத்து அவன் ஹலோ, ஹலோ என்றான். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கவில்லை.

"சொல்லுடி. அந்தப் புள்ளையும் தேதி தெரியாம அலையணுமா?"

தேதியைச் சொன்னேன். மணியையும் நிமிஷத்தையும் சேர்த்துச் சொன்னேன். "மணி வேண்டாம்க்கா" என்று சொல்லி, நன்றி சொல்லிவிட்டு வைத்தான். மன்னித்து நான் அதைச் சொல்லவில்லை. அம்மா அங்கே உட்கார்ந்திருந்ததால் சொன்னேன். மூன்று நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த நோட்டின் பாதிப் பக்கங்களை அவள் ஒரு வாக்கியத்தில் செய்துகாட்டிவிட்டாள் என்ற எரிச்சல் ஒரு பக்கம், செய்யத் தகுதியே இல்லாத ஒருவருக்காகச் செய்தாள் என்ற எரிச்சல் இன்னொரு பக்கம்.

நாலாம் நாள் காலையில் அவள் புடவை மாற்றிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். கல்தச்சரிடம் போனோம். பழையவர் இல்லை, அவர் தம்பி இருந்தார். பெயரும் பிறந்த தேதியும் எழுதிய பழைய சீட்டைக் கொடுத்தோம். இறந்த தேதி என்னம்மா என்று அவரும் கேட்டார்.

"வியாழக்கிழமைன்னு போடுங்க."

"கிழமை மட்டுமாம்மா? அப்படி யாரும் போடறதில்லயே. தேதி?"

"எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். தெரியாதத எழுத வேண்டாம்."

அவர் என்னைப் பார்த்தார். கல்லைத் துடைத்துவிட்டுச் சாக்கட்டியால் எழுதிக் காட்டினார். அக்காவின் பெயர், அதன் கீழே குருத்தோலை ஞாயிற்றின் தேதி, அதன் கீழே கிழமை. அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, குனிந்து, எழுத்தெழுத்தாக விரலை வைத்துப் படித்தாள்.

"சரியா இருக்கு. கொத்துங்க" என்றாள்.